டொயோட்டாவின் கணக்கும் பஞ்சிகாவத்தையின் கணக்கும்

கேள்வி கேட்டவர் கொழும்பில் முகாமைத்துவம் படிக்கும் மாணவர். அவர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: வோக்ஸ்வாகன் பத்துப் பெயர்களை வைத்துக்கொண்டு விற்கிறது, டொயோட்டா ஏன் இரண்டு மூன்றோடு நின்றுவிட்டது? பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரை உலகத்துக்குப் பழக்கிய கொம்பனி மின்சாரக் காரில் ஏன் இவ்வளவு தயங்குகிறது? காலி வீதியில் கொஞ்ச நேரம் நின்றால் சீனக் கொம்பனியான பிவைடியின் கார்கள் வரிசையாகப் போகிறதே, டொயோட்டாவின் காலம் முடிகிறதா?

நான் பொருளியல் படித்தவன் இல்லை. லீசிங் கொம்பனிகளுக்காகப் பாவித்த வாகனங்களைப் பார்த்து மதிப்பீட்டு அறிக்கை கொடுப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் என் பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். ஆண்டறிக்கையை வாசிப்பவர் காரை முதலில் வாங்கியவரைப் பற்றித்தான் தெரிந்துகொள்கிறார். நான் பார்ப்பது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சொந்தக்காரரை. டொயோட்டாவை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் பெயர் விஷயம். டொயோட்டாவிடம் பெயர்கள் குறைவு என்பதே பாதி உண்மைதான். ஜப்பானுக்குள் அதற்கு டொயோட்டா, டொயோபெட், கொரோலா, நெட்ஸ் என்று தனித்தனி விற்பனை நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மொடல் வேண்டும். எங்கள் ஊரில் டாக்டரும் வக்கீலும் ஆசைப்பட்டு வாங்கிய பிரிமியோவையும், 'பிரிமியோ அளவுக்கு வராது' என்று ஆட்கள் முகம் சுளித்த அலியனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2001 டிசம்பரில் ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்று டொயோபெட் கடைக்கு, மற்றது டொயோட்டா கடைக்கு. முன்முகம், பின்விளக்கு, உள்ளே கொஞ்சம் அலங்காரம், இவ்வளவுதான் வித்தியாசம். கொழும்பிலோ அந்த வித்தியாசத்துக்கு லட்சக்கணக்கில் விலை வைத்தார்கள். நானும் அப்படித்தான் அறிக்கை எழுதினேன், சந்தை சொல்வதைத்தானே எழுத முடியும்! 2020 மே மாதத்தில் ஜப்பானில் எல்லாக் கடைகளும் எல்லா மொடல்களையும் விற்கலாம் என்று ஆக்கினார்கள். 2021இல் பிரிமியோ, அலியன் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் இருக்கிறது. இன்று தெருவில் ஓடும் ரெய்ஸ், டொயோட்டா சின்னம் போட்ட, அதன் துணைக் கொம்பனி டைஹட்சுவின் கார். டைஹட்சு ரொக்கியும் அதுவும் ஒரே கார், செய்வது டைஹட்சு. பழைய பஸ்ஸோவும் அப்படித்தான். முதல் இரண்டு தலைமுறை ஹரியரை ஜப்பானுக்கு வெளியே தங்கள் சொகுசுப் பெயரான லெக்ஸஸில், ஆர்எக்ஸ் என்று விற்றார்கள். ஆக, ஒரே இரும்புக்குப் பல பெயர் வைக்கும் வித்தை டொயோட்டாவுக்கும் நன்றாகத் தெரியும். எந்தப் பெயரை யாருக்குக் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் அது மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது.

நிறுத்தத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பழைய கார்களே போதும். போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். ஒஸ்ரினும் மொறிஸும் போட்டிக் கொம்பனிகள், 1952இல் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்த பிறகும் இரண்டு பெயரையும் விடவில்லை. 1959இல் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்டும் ஒரே உடம்பு. ஒரே உடம்பை இரண்டு பெயரில் விற்று, அந்த இரண்டு பெயரும் தங்களுக்குள்ளேயே அடிபட்டன. 1968இல் இன்னும் பல பெயர்களைச் சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. 1975இல் அரசாங்கம்தான் அதைத் தூக்கி எடுக்க வேண்டிவந்தது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸின் கதை இன்னும் பெரியது. 1920களில் அதன் தலைவர் அல்பிரட் ஸ்லோன் படிக்கட்டு மாதிரி ஓர் ஒழுங்கு வைத்தார். கீழே செவ்ரோலே, மேலே கடிலாக், நடுவில் பொண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக். சம்பளம் ஏற ஏற ஆளும் படி ஏறுவார், கொம்பனியை விட்டுப் போகமாட்டார். நல்ல யோசனைதான், பல பத்து வருடம் வேலை செய்தது. 1980களில் செலவைக் குறைக்கப் போய் எல்லாப் படியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செவ்ரோலேயும் பியூக்கும் பக்கத்தில் நின்றால் கண்டுபிடிக்க முடியாது. பிறகு யார் படி ஏறுவார்? 2004இல் ஓல்ட்ஸ்மொபைல் போனது, 2009 ஜூனில் கொம்பனியே வங்குரோத்து, அதோடு பொண்டியாக்கும் போனது. வங்குரோத்துக்கு ஓய்வூதியச் சுமை முதல் பல காரணங்கள் உண்டு. படிக்கட்டு தேய்ந்ததும் அதில் ஒன்று.

டொயோட்டா லெக்ஸஸைத் தொடங்கிய விதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகத்தின் நல்ல கார்களோடு போட்டி போடும் ஒன்றைச் செய்யலாமா என்று 1983இல் கொம்பனித் தலைவர் எய்ஜி டொயோடா கேட்டார். கார் வந்தது 1989இல். அமெரிக்காவில் தனிக் கடை, தனி ஊழியர்கள், எங்கும் டொயோட்டா என்ற சொல் கிடையாது. வந்த சில மாதத்திலேயே கோளாறு என்று சுமார் 8,000 கார்களைத் திருப்பி அழைக்க வேண்டிவந்தது. புதுப் பெயருக்கு அதைவிடப் பெரிய கண்டம் வேண்டாம். அவர்கள் கார்களை வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், திருத்தி, கழுவி, பெற்றோலும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். லெக்ஸஸ் பெயர் உண்மையில் உருவானது அந்த வாரங்களில்தான் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். வோக்ஸ்வாகன் அதே மாதிரியான பெரிய சொகுசுக் காரைத் தன் சொந்தப் பெயரிலேயே, பேட்டன் என்று 2002இல் விட்டது. அருமையான கார். ஆனால் அந்தக் காசு இருப்பவர் முன்னால் வோக்ஸ்வாகன் சின்னத்தைப் பார்க்க விரும்பவில்லை. 2016இல் நிறுத்திவிட்டார்கள்.

டொயோட்டா சறுக்காத கொம்பனி என்று நினைக்க வேண்டாம். இளைஞர்களுக்கென்று 2003இல் அமெரிக்காவில் சயன் என்று ஒரு பெயர் தொடங்கி 2016இல் மூடியது. ஆனால் மூடும்போது நல்ல மொடல்களை டொயோட்டா பெயருக்குள் எடுத்துக்கொண்டது. அந்தக் கார் வைத்திருந்தவர் கைவிடப்படவில்லை. நான்காவது சொந்தக்காரர் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அவர் இங்கேதான் வருகிறார். ஒரு பெயர் செத்தால் அதன் உதிரிப்பாகமும் மெல்ல மெல்லச் சாகும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஏதாவது ஒரு கடைக்குள் போய் 20 வருடத்து டொயோட்டா விட்ஸுக்கு ஒரு பாகம் கேளுங்கள். ஒரிஜினலா, ரீகண்டிஷனா, சைனாவா என்று மூன்று விலை சொல்வார்கள். அதே கடையில் நின்று செத்துப்போன ஓர் ஐரோப்பியப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இனி வளர்ச்சி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். டொயோட்டாவின் வேர் நெசவுத் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா செய்த தறியில் நூல் ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படாது. அந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு ஒரு லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு விற்றார்கள். மகன் கிய்ச்சிரோ 1937இல் கார் கொம்பனியைத் தொடங்கினார். 1950இல் கடன் கழுத்துக்கு வந்து, ஆட்களை வேலையை விட்டு அனுப்பி, கிய்ச்சிரோவே பதவி விலகினார். அதே வருடம் கொரியப் போர் தொடங்கி, அமெரிக்க இராணுவம் லொறி கேட்டு ஓடர் கொடுத்திராவிட்டால் இன்று இந்தக் கேள்வியே இருந்திருக்காது. கையில் நிறையக் காசு வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது பட்ட சூட்டில் வந்தது. 'டொயோட்டா வங்கி' என்று ஜப்பானியர்களே கேலி செய்வார்கள்.

நூல் அறுந்தால் தறி நிற்கும் என்பதைத் கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர் டொயோட்டாவின் தைய்ச்சி ஓனோ. கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் வரிசையே நிற்கும். இதைப் பற்றிப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள், நான் நீட்டவில்லை. வகுப்பில் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: கொம்பனி முழுவதும் அந்தக் கயிற்றை இழுக்க மறந்த காலம் ஒன்று இருந்தது.

2002இல் உலகச் சந்தையில் 15 சதவீதம் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். ஊர் ஊராகத் தொழிற்சாலை. 2008இல் ஜெனரல் மோட்டர்ஸை முந்தி உலகத்தில் முதலிடம். அடுத்த வருடமே அமெரிக்காவில் காலடி விரிப்பும் எக்ஸிலரேட்டர் பெடலும் சிக்கிக் கார் தானாக வேகமெடுக்கிறது என்ற பிரச்சினை வெடித்தது. உலகம் முழுக்க 80 லட்சத்துக்கும் மேலான கார்களைத் திருப்பி அழைத்தார்கள். 2010 பெப்ரவரியில் அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் முன்னால் உட்கார்ந்து, நாங்கள் வளர்ந்த வேகம் கூடிப்போயிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். இலத்திரனியல் கோளாறு இல்லை என்று பிறகு நாசாவின் ஆய்வு சொன்னது. ஆனால் தெரிந்ததை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டொலர் கட்டவேண்டிவந்தது.

அதற்குப் பிறகு அக்கியோ செய்த ஒரு காரியத்தை உங்கள் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள். 2013இல், மூன்று வருடத்துக்குப் புதுத் தொழிற்சாலையே வேண்டாம் என்று நிறுத்தினார். விற்பனை ஏறிக்கொண்டிருக்கும்போது! அந்த இடைவெளியில் காரின் அடித்தளத்தை மாற்றி யோசித்தார்கள். 2015இல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸிலிருந்து டிஎன்ஜிஏ என்ற பொது அடித்தளம். ஆசனத்தின் உயரம், பெடலின் இடம், முன்பக்கக் கட்டமைப்பு என்று ஆள் கண்ணுக்குத் தெரியாததைப் பொதுவாக்கி, மிஞ்சிய காசைத் தெரிகிற இடத்தில் போட்டார்கள். வோக்ஸ்வாகன் இதை எம்க்யூபி என்ற பெயரில் 2012இலேயே தொடங்கிவிட்டது, அதில் அவர்கள்தான் முன்னோடி. பொதுவாக்கினால் இலாபம் மட்டும் பரவாது, பழுதும் பரவும். 2015இல் வோக்ஸ்வாகனின் டீசல் மோசடி பிடிபட்டபோது ஒரே என்ஜின் அவுடி, ஸ்கோடா, சீயட் என்று எல்லாப் பெயரிலும் இருந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் வாகனங்கள். பத்துப் பெயர் இருந்தும் ஒளிய ஓர் இடம் இல்லை.

மற்றக் கொம்பனிகளோடு சேருவதிலும் இருவருக்கும் குணம் வேறு. சுசுகி வகன்-ஆர் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கதை பிடிக்கும். வோக்ஸ்வாகன் சுசுகியில் 19.9 சதவீதப் பங்கு வாங்கியது. கொஞ்ச நாளிலேயே எங்களைத் துணைக் கொம்பனி மாதிரி நடத்துகிறார்கள் என்று சுசுகியின் தலைவர் ஒசாமு சுசுகிக்குக் கோபம். மத்தியஸ்தம் வரை போய், 2015இல் பங்கைத் திரும்ப வாங்கி உறவை அறுத்தார். அடுத்த வருடமே டொயோட்டாவிடம் பேசப் போனார். 2019இல் டொயோட்டா வாங்கியது 5 சதவீதத்துக்கும் குறைவு. மஸ்டாவிலும் 5 சதவீதம் அளவு, சுபாருவில் 20 சதவீதம். விழுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுசுகியின் பலேனோ இந்தியாவில் டொயோட்டா கிளான்ஸாவாக விற்பது அப்படி வந்த உறவு.

முழுதாக வாங்கிய இடத்தில்தான் அடி விழுந்தது. டைஹட்சுவை 2016இல் முழுச் சொந்தமாக்கினார்கள். 2023 டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை, பாதுகாப்புச் சோதனைகளில் 174 முறைகேடுகள், 64 மொடல்கள் என்று சொன்னது. அவற்றில் டொயோட்டா சின்னம் போட்டவையும் இருந்தன. ஜப்பானில் டைஹட்சுவின் எல்லாத் தொழிற்சாலையும் நின்றது. புது மொடலை இறுக்கமான கால அட்டவணைக்குள் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடிதான் வேர் என்று அந்த அறிக்கை சொல்கிறது. 2010இன் பாடத்தைத் தாய் வீட்டில் படித்தார்கள், மருமகள் வீட்டில் மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, புதுமைக்கு வருவோம். பிரியஸ் வேலை 1993இல் தொடங்கியது. பொறியியலாளர்கள் எரிபொருள் சிக்கனத்தில் ஒன்றரை மடங்கு தருகிறோம் என்றார்கள், மேலிடம் இரட்டிப்பு வேண்டும் என்றது. தகேஷி உச்சியமாடாவின் குழு செய்த முதல் மாதிரி 49 நாள் அசையவே இல்லை. 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு காருக்கும் நட்டம். 2017 தொடக்கத்தில் டொயோட்டா விற்ற ஹைபிரிட் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

ஹைபிரிட்டின் கதையில் கொழும்புக்கும் பங்கு உண்டு. வரிச் சலுகை இருந்த காலத்தில் பிரியஸும் அக்குவாவும் கப்பல் கப்பலாக இறங்கின. பற்றரி போனால் பத்து லட்சம் என்று ஆட்கள் பயந்தார்கள். எங்கள் கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) பற்றரியைக் கழற்றிப் பார்த்தார்கள். பிரியஸில் 28 மொடியூல், பலமிழந்தது நாலைந்துதான். அதை மட்டும் மாற்றினார்கள். பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரம் தூசியில் அடைபடுவதும், நம் ஊர் வெக்கையில் பற்றரி சீக்கிரம் போவதற்கு ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இன்று ஹைபிரிட் பற்றரி பார்க்காத நல்ல கராஜ் கொழும்பில் குறைவு. ஜப்பானில் கண்டுபிடித்த ஒன்று மருதானைச் சந்தில் திருத்தப்படும்போதுதான் அதன் மறுவிற்பனை விலை உறுதியாகிறது, நான் துணிந்து அறிக்கை எழுதுகிறேன்.

இதே பொறுமைதான் மின்சாரக் காரில் டொயோட்டாவுக்குக் காலை வாரியது. அவர்களின் வாதம் இது: ஒரு நீண்டதூர மின்சாரக் காருக்கு வேண்டிய பற்றரி மூலப்பொருளில் ஆறு பிளக்-இன் ஹைபிரிட் (வீட்டில் சொருகிச் சார்ஜ் செய்யக்கூடியது) அல்லது 90 சாதாரண ஹைபிரிட் செய்யலாம், மொத்தப் புகை அதில்தான் அதிகம் குறையும். கணக்குப் பிழையில்லை. ஆனால் மூலப்பொருள் என்றைக்கும் தட்டுப்பாடாகவே இருக்கும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. சீனா அந்த இடத்தில்தான் உடைத்துக்கொண்டு வந்தது. டொயோட்டாவின் மின்சாரக் கார் பிஇசட்4எக்ஸ் 2022இல் வந்த சூட்டோடு, சக்கரம் கழன்றுவிடலாம் என்று திருப்பி அழைக்கப்பட்டது. நூற்றுக்கு மேல் மொடல் செய்த கொம்பனிக்குச் சக்கர ஆணியில் கோளாறு!

பிவைடி 1995இல் பற்றரிக் கொம்பனியாகப் பிறந்தது, காருக்கு வந்தது 2003இல். பற்றரியைத் தானே செய்வதுதான் அதன் முதல் பலம். 2022 மார்ச்சில் பெற்றோலில் மட்டும் ஓடும் கார்களை நிறுத்தியது. 2024இல் விற்றது 42 லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் முழு மின்சாரம் இல்லை, பிளக்-இன் ஹைபிரிட் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே வருடம் டொயோட்டா குழுமம் விற்றது சுமார் 1 கோடியே 8 லட்சம். இன்னொரு வேடிக்கை: சீனாவில் டொயோட்டா விற்கும் பிஇசட்3, பிவைடியோடு சேர்ந்து செய்த கார், உள்ளே பிவைடியின் பற்றரி. தன்னால் முடியாததை முடிந்தவரிடம் வாங்கிக்கொள்ள டொயோட்டா வெட்கப்படவில்லை. மறுபக்கம் பிவைடியும் டென்சா, யாங்வாங் என்று மேல்தட்டுப் பெயர்களை வளர்க்கிறது. ஸ்லோனின் படிக்கட்டு இப்போது சீனாவில் ஏறுகிறது.

கொழும்பில் பிவைடி இவ்வளவு தெரிவதற்கு எங்கள் சொந்தக் காரணங்களும் உண்டு. 2020 மார்ச்சிலிருந்து இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. ஐந்து வருடத்துப் பசி. பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற 2022ஐ யாரும் மறக்கவில்லை. வரியும் பெற்றோல் காருக்கு என்ஜின் கொள்ளளவை, மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்க்கிறது. வீட்டுக் கூரையில் சோலர் போட்டவருக்கு அந்தக் கணக்கு இனிக்கும். ஆகவே காலி வீதியை மட்டும் பார்த்து உலகச் சந்தையை எழுதிவிடாதீர்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்காரர், ரெய்ஸ் எடுக்கவா மின்சாரக் கார் எடுக்கவா என்று கேட்டார். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "நாலு வருடத்தில் மகளின் கலியாணம் வரும், அப்போது விற்பேன்" என்றார். ரெய்ஸ் எடுங்கள் என்றேன். பத்து வருடம் ஓட்டுவேன் என்று சொல்லியிருந்தால் மற்றதைச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் தினமும் மிச்சமாகும் எரிபொருள் காசு மறுவிற்பனை நட்டத்தை விழுங்கிவிடும். நாலு வருடத்து மின்சாரக் காருக்கு என்ன விலை போடுவது என்று எனக்கு இன்னும் கை வரவில்லை. இங்கே இரண்டாவது கைக்கு மாறியவை இன்னும் கொஞ்சம்தான்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். ஒரு விட்ஸுக்கும் ஒரு பிவைடிக்கும் பக்கக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று ஐந்து கடையில் கேளுங்கள். விலையையும், எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஐந்து கடையில் மறுபடி கேளுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்குங்கள்.